விலங்கு உருவப் பழைய புரூச்சுகள்: பெட்டியில் வைக்கவா, அணிந்துகொள்ளவா?

நீலத்தும்பி:

எல்லோருக்கும் வணக்கம். பறவை, விலங்கு, பூச்சி உருவங்களில் வரும் பழைய புரூச்சுகளை, அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் அணிகளை, சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கையில் இருப்பவற்றில் மூன்றைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

முதலாவது, பச்சை எனாமல் தவளை. ஒரு கண்ணில் சிவப்புக் கல் இருக்கிறது, இன்னொரு கண் வெறும் குழி. பின்பக்கம் ஊசியின் கீலைச் சுற்றிப் பச்சையாக, மெழுகு போல ஏதோ படிந்திருக்கிறது. இரண்டாவது, கறுப்பு ஸ்காட்டி நாய். உலோகம் இல்லை, ஏதோ பிளாஸ்டிக். மூன்றாவதுதான் எனக்கு உயிர்: வயிறு மட்டும் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும் சேவல். உடலைச் சுற்றித் தங்க நிறம், வாலில் பொடிக் கற்கள்.

இவற்றின் வயதை எப்படிக் கண்டறிவது? அணிந்துகொண்டு வெளியே போகலாமா, பெட்டியில் வைத்து அழகு பார்ப்பதுதான் முறையா?

மரப்பெட்டி:

முதல் வேலையாக மூன்றையும் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்தைப் பார்த்து ஆசைப்படலாம், வயதைப் பின்பக்கம்தான் சொல்லும்.

ஊசி வந்து மாட்டும் இடத்தில் பூட்டு எதுவும் இல்லாமல், வளைந்த கம்பி மட்டும் கொக்கியாக இருந்தால் பழைய முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புரூச்சுகளில் இதைத்தான் அதிகம் பார்ப்போம். அக்காலத்து ஊசி பெரும்பாலும் கொக்கியைத் தாண்டி, சில சமயம் உருவத்தின் விளிம்பையே தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். துணிக்குள் திரும்பவும் செருகிக்கொண்டால் நழுவாது என்பதற்காக அந்த நீளம். இழுத்துத் திறக்கும் சிறு குழாய்ப் பூட்டு ஐரோப்பிய வேலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே வருகிறது. சுழற்றி மூடும் சிறு உருளைப் பூட்டு, இன்றைக்கும் நாம் பார்க்கிறோமே, அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மலிவு நகைகளிலும் கையால் செய்தவற்றிலும் வெறும் கொக்கி வெகுகாலம் தொடர்ந்தது. உடைந்த பூட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்திருப்பார்கள். பூட்டின் அடியில் ஈயம் வழிந்த தடம் இருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் முலாம் நிறம் மாறியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பூட்டு, கீல், முத்திரை, கல், வேலைப்பாடு எல்லாம் ஒரே காலத்தைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் வேறு காலத்தைச் சொன்னால், ஏன் என்று கேட்க வேண்டும்.

ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கூரிய பற்கள் வில்லோடு சேர்ந்து இருந்தால் அது ரோமக் கோட்டுகளுக்கான கிளிப், 1930களிலும் 40களிலும் வந்தது. மெல்லிய துணியில் அதை மாட்டினால் துணி போய்விடும்.

பச்சைக்கல்:

தோழி, உங்கள் சேவலைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இந்த வகையை ஜெல்லி பெல்லி என்பார்கள். வயிறு லூசைட் என்ற தெளிந்த அக்ரிலிக் பிளாஸ்டிக். இதில் பெயர் பெற்றது டிரிஃபாரி என்ற அமெரிக்க அலங்கார நகை நிறுவனம். அங்கே 1930 முதல் 1968 வரை தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் ஆல்ஃபிரட் ஃபிலிப். அசல் வைர நகை செய்யும் பட்டறைகளில் பழகிய கை அவருடையது. அதனால்தான் கண்ணாடிக் கல் வைத்த சேவலிலும் வால் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. கோரோ போன்ற மற்ற நிறுவனங்களும் இந்த வகையைச் செய்தன. எனவே முத்திரையைப் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டாம்.

முத்திரையில் ஸ்டெர்லிங் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அலங்கார நகைகளுக்கு வழக்கமான உலோகக் கலவைகள் கிடைக்கவில்லை, அவை போர்த் தளவாடங்களுக்குப் போய்விட்டன. நகை செய்பவர்கள் வெள்ளிக்கு மாறி, அதன் மேல் தங்க முலாம் பூசினார்கள். போருக்குப் பின் மறுபடியும் மலிவு உலோகத்துக்கே திரும்பினார்கள். ஆக, வெள்ளி உடல், தங்க முலாம், லூசைட் வயிறு மூன்றும் சேர்ந்தால் 1940களின் முற்பகுதி என்று நினைக்க நல்ல இடம் இருக்கிறது.

இன்னும் இரண்டு அடையாளங்கள். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில சி எழுத்து, அதாவது பதிப்புரிமைக் குறி இருந்தால் பெரும்பாலும் 1955க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் டிரிஃபாரி தொடுத்த வழக்கில் அலங்கார நகையும் கலைப் படைப்பே, அதற்கும் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் ஏற்றது. அதற்கு முன் வடிவமைப்புக் காப்புரிமை எண்களைப் பொறித்தார்கள். எண் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: காப்புரிமைப் பதிவேட்டில் தேடினால் அந்த உருவத்தின் வரைபடமே தேதியோடு கிடைத்துவிடும். அடுத்தது, கல்லைத் திருப்பும்போது எண்ணெய் படிந்த தண்ணீரைப் போலப் பல நிறம் மின்னினால் அது அரோரா பொரியாலிஸ் பூச்சு. 1950களின் நடுவில்தான் அது வந்தது. 1940களின் நகை என்று சொல்லி அப்படிப்பட்ட கல்லோடு யாராவது நீட்டினால், கல்லை மாற்றியிருக்கிறார்கள் அல்லது காலத்தை மாற்றிச் சொல்கிறார்கள்.

நீலத்தும்பி:

இருவருக்கும் நன்றி. கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். சேவலின் பின்பக்கம் வழவழப்பாக இல்லை. வால் இறகுகளின் பள்ளங்கள் பின்புறமும் தெரிகின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் சிறு துளை இருக்கிறது. வயிற்று லூசைட்டைப் பின்னாலிருந்து ஒரு வளையம் பிடித்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் வயிற்றுக்குள் நூல் போல மெல்லிய கீறல் ஒன்று, மேல்பரப்பில் இல்லை, உள்ளேயே ஓடுகிறது. காலுக்குப் பக்கத்தில் ஸ்டெர்லிங் என்று இருக்கிறது. அதன் மேலே தேய்ந்துபோன எழுத்துகள், முதல் எழுத்தின் மேல் ஏதோ முடி வைத்தாற்போலத் தெரிகிறது.

பச்சைக்கல்:

டி எழுத்தின் மேல் கிரீடம் வைத்தது டிரிஃபாரியின் முத்திரை. நீங்கள் சொல்வது பொருந்திவருகிறது. முழு உறுதிக்கு எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்கள். தேய்ந்த முத்திரை நேர் வெளிச்சத்தில் மறைந்துபோகும், பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் எழுந்து நிற்கும். போலிகள் பெரும்பாலும் அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தவை. ஒவ்வொரு வார்ப்பிலும் கூர்மை குறையும்; இறகின் கோடுகள் மழுங்கி, கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் சதை ஏறியதுபோல ஆகிவிடும்.

உள்ளே ஓடும் அந்தக் கீறல் வயதானதால் வருவது. வெந்நீர், ஸ்பிரிட், வாசனைத் திரவியம் எதுவும் அதன் அருகே போகக்கூடாது. அக்ரிலிக்கில் இருக்கும் கீறலை ஸ்பிரிட் வலைபோல விரித்துவிடும்.

காப்பறை:

இந்த இழையை முழுதும் படித்தேன். என் கருத்து வேறு. இவற்றை அணியக்கூடாது.

அலங்கார நகை நூறாண்டு நிற்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. கண்ணாடிக் கல்லின் பின்னால் இருக்கும் வெள்ளிப் பூச்சுதான் அதற்கு ஒளி தருகிறது. வியர்வையின் ஈரம் பின்னால் போனால் பூச்சு கறுத்து, கல் செத்துவிடும், மீட்க வழியே இல்லை. முலாம் விரல் படும் இடத்தில் தேயும். எனாமல் கதவில் இடித்தால் சில்லாக உதிரும். இருப்பதில் ஒன்றை இழந்தால் உலகில் ஒன்று குறைகிறது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு தனித்தனிப் பெட்டியில், அமிலம் இல்லாத தாளில் சுற்றி வைத்துப் பார்ப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

ஊசிமுனை:

காப்பறை ஐயா, நீங்கள் சொன்ன ஆபத்துகள் எல்லாம் உண்மை. முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. விலங்கு புரூச் ஒரு மனிதரின் மேல் ஏறிய பிறகுதான் முழுமை பெறுகிறது. ஓவியத்துக்குச் சுவர் போல இதற்குத் தோள். நடக்கும்போது ஒளி மாறும், எதிரில் இருப்பவரின் கண் அதில் போய் நிற்கும், பேச்சு தொடங்கும். பல்லி புரூச்சுக்கும் பருந்து புரூச்சுக்கும் வேலையே அதுதான்.

மேடலின் ஆல்பிரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்தபோது, 1994இல் ஈராக் ஊடகம் அவரை இணையற்ற பாம்பு என்று ஏசியது. அடுத்து ஈராக் தொடர்பான சந்திப்புக்குப் பாம்பு புரூச் அணிந்து போனார். பிறகு வெளியுறவு அமைச்சரானபோதும் அன்றைய பேச்சின் மனநிலையை நெஞ்சில் குத்தியிருக்கும் பூச்சியோ பறவையோ சொல்லும் என்று எல்லோரும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பாம்பு பெட்டியில் இருந்திருந்தால் ஒரு சொல்லும் சொல்லியிருக்காது.

ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்தபோது, 1942இல் கார்த்தியே என்ற பிரெஞ்சு நகை நிறுவனம் கூண்டுக்குள் அடைபட்ட பறவை புரூச்சைச் செய்தது. 1944இல் நகரம் விடுபட்டதும் கூண்டுக் கதவு திறந்து, பறவை சிறகு விரித்தாற்போல இன்னொன்று வந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ழான் துசேன். சிறுத்தை என்ற செல்லப்பெயரே அவருக்கு உண்டு. அரியணையைத் துறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் மனைவியான வின்ட்சர் சீமாட்டிக்காக 1948இல் 116 கேரட்டுக்கு மேற்பட்ட மரகதத்தின் மேல் சிறுத்தை உட்கார்ந்த புரூச்சும், அடுத்த ஆண்டு 152 கேரட் நீலக்கல்லின் மேல் இன்னொரு சிறுத்தையும் அவர் காலத்தில் வந்தவை. எல்லாமே யாரோ அணிவதற்காகவே பிறந்தவை.

காப்பறை:

பிரெஞ்சு நகைக் கலைஞர் லாலிக் செய்த தும்பிப் பெண் நகையை நினைத்துப் பாருங்கள். 1897-98இல் செய்தது, 25 செ.மீ.க்கு மேல் அகலம், ஒளி ஊடுருவும் எனாமல் சிறகு. அதைக் குல்பென்கியன் என்ற கலைச் சேகரிப்பாளர் வாங்கினார். இன்று லிஸ்பனில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கிறோம். யாராவது தினமும் மேலே குத்திக்கொண்டு திரிந்திருந்தால் அந்தச் சிறகு இன்று இருக்குமா?

ஊசிமுனை:

இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு பிரதி உள்ள கலைப்பொருளுக்கும், தொழிற்சாலையில் வரிசையாக வார்த்த சேவலுக்கும் ஒரே சட்டம் வைக்க முடியாது என்பதுதான் என் வாதம். உங்கள் கவலையைத் தீர்க்க, அணியும் முறையை எழுதுகிறேன்.

எப்போதும் கடைசியாக அணியுங்கள். வாசனைத் திரவியம், தலைமுடித் தெளிப்பு எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு. கழற்றும்போது முதலில் கழற்றுங்கள். கோட், சால்வை, தொப்பி போன்றவற்றில் குத்தினால் தோல் படாது, வியர்வைப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

கனமான புரூச் தலைகுப்புறச் சாயும். துணியின் உள்பக்கம் விரலகலக் கம்பளித் துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்து ஊசியை ஏற்றுங்கள். ஏற்றி, வெளியே எடுத்து, மறுபடியும் ஏற்றிய பிறகு பூட்டுங்கள். இரண்டு இடத்தில் துணியைப் பிடித்தால் திரும்பாது. பூட்டு தளர்வாக இருந்தால் ஊசி நுனியில் காதணிக்குப் போடும் ரப்பர் அடைப்பான் ஒன்றைச் செருகிவிடுங்கள். நெருக்கமாக நெய்த பட்டில் துளை நிரந்தரமாக நின்றுவிடும், அங்கே தையலோரம் பார்த்துக் குத்த வேண்டும். காந்தத்தால் ஒட்டும் இணைப்புகளும் கிடைக்கின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தொடவே வேண்டாம்.

உருவம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். விலங்கின் முகம் உங்கள் முகத்தை நோக்கி, உடலின் நடுப்பக்கமாகத் திரும்பியிருந்தால் பார்ப்பவர் கண் உங்களிடம் வரும். வெளியே பார்த்தால் அது உங்களை விட்டு ஓடுவதுபோல் இருக்கும். அதனால் இடத்தோளா வலத்தோளா என்பதை வழக்கம் பார்த்து முடிவு செய்யாமல், சேவலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மரப்பெட்டி:

ஸ்காட்டி நாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1930களில் ஸ்காட்டி உருவம் எதிலும் இருந்தது. 1940இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் ஃபாலா என்ற ஸ்காட்டி வந்த பிறகு மோகம் இன்னும் கூடியது. கறுப்பு, பிளாஸ்டிக் என்றால் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்க வாய்ப்பு உண்டு. லியோ பேக்கலண்ட் 1907இல் கண்டுபிடித்தது.

கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். பேக்கலைட் என்றால் கார்பாலிக் போன்ற காரமான மருந்து நெடி வரும். கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக். கறுப்பு பேக்கலைட் சில சமயம் எந்தச் சோதனையிலும் பிடிபடாது. நெடி வரவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதா, வார்ப்புக் கோடு இல்லாமல் செதுக்கிய தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும், பேக்கலைட் என்றாலும் வடு நின்றுவிடும். செல்லுலாய்டு என்று தெரிந்தால் காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள். சிதையும்போது அது விடும் அமில ஆவி பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். காற்றுப் புகாத பெட்டி அதற்கு எதிரி. காப்பறை ஐயா சொன்ன பெட்டி முறை இங்கே பொருந்தாது.

காப்பறை:

சரியான திருத்தம். செல்லுலாய்டுக்குத் தனி அறைதான்.

பச்சைக்கல்:

தவளையின் பின்பக்கம் கீலைச் சுற்றி இருப்பது களிம்பு. முலாமுக்கு அடியில் உள்ள செம்புக் கலவை ஈரத்தால் அரிபடுகிறது. பக்கத்தில் இருக்கும் நகைக்கும் அதே ஈரம் போய்ச் சேரும் என்பதால் இன்றைக்கே தவளையைப் பிரித்து வையுங்கள். மரப் பல்குத்தியால் மெதுவாகச் சுரண்டுங்கள், உலோகக் கருவி வேண்டாம். மிச்சத்தைப் பஞ்சுமுனையில் மிகக் குறைவாக வினிகர் தொட்டு எடுத்து, உடனே ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காற்றில் உலர்த்துங்கள். எனாமல் பக்கமும் கல் பக்கமும் வினிகர் போகக்கூடாது. தண்ணீரில் முக்குவது எந்தப் புரூச்சுக்கும் ஆகாது. எனாமல் சுட்டதா, குளிர்நிலையில் பூசியதா என்பதையும் பாருங்கள். பூசியது மட்டும் என்றால் ஸ்பிரிட் பட்டால் நிறமே பஞ்சோடு வந்துவிடும்.

களிம்பு ஏறிய இடத்தில் முலாம் போயிருக்கும், அடியில் குழி தெரியும். அதற்கு வருந்தாதீர்கள், பின்பக்கம்தானே. மறுமுலாம் பூசினால் பழைய நிறம் போய்விடும், சேகரிப்பாளர்களுக்கு அது பிடிக்காது.

கடற்சிப்பி:

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. விலங்கு உருவம் வேறு, விலங்கின் உடலே நகையாவது வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உண்மையான வண்டுகளைப் பொன்னில் பதித்து அணிந்தார்கள். ஓசனிச்சிட்டின் தலையைக்கூட நகையாக்கினார்கள். தந்தத்தில் செதுக்கிய மான், கடலாமை ஓட்டில் செய்த பறவை, நீல மார்ஃபோ வண்ணத்துப்பூச்சியின் சிறகைக் கண்ணாடிக்குள் வைத்த காட்சி எல்லாம் பழைய பெட்டிகளில் இன்றும் வருகின்றன.

அழிந்துவரும் உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. தந்தமும் ஆமையோடும் எல்லை கடந்தால் ஆவணம் கேட்பார்கள். பழையது என்று வாயால் சொன்னால் போதாது. என் சொந்த நிலைப்பாடு: முன்னமே கையில் இருப்பதை வீசுவதால் எந்த யானையும் திரும்பிவராது. ஆனால் காசு கொடுத்துப் புதிதாக வாங்கினால் சந்தைக்குத் தீனி போட்டதாகும். நான் வாங்குவதில்லை.

ஊசிமுனை:

உங்களோடு நிற்கிறேன். ஆமையோட்டின் புள்ளி அழகு வேண்டுமென்றால் லியா ஸ்டைன் என்ற வடிவமைப்பாளர் பாரிஸில் செய்த நரி புரூச்சைத் தேடலாம். செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் தாள்களை அடுக்கடுக்காக ஒட்டி வெட்டியது, வால் வளைந்து உடலைச் சுற்றும். பின்பக்கம் அவர் பெயர் பொறித்த, ஆங்கில வி வடிவ ஊசித் தகடு உருக்கிப் பொருத்தியிருக்கும். பின்னாளிலும் அதே நரியை மறுபடி செய்திருப்பதால், பழையது என்று அதிக விலை சொன்னால் அவசரப்படாதீர்கள். நரி நரிதான், எனக்கு இரண்டும் பிடிக்கும்.

நீலத்தும்பி:

களிம்பை எடுத்துவிட்டேன், தவளை தனியாக உலர்கிறது. கண் இல்லாமல் விடவும் மனம் வரவில்லை. புதுக் கல் வைக்கலாமா?

மரப்பெட்டி:

வைக்கலாம், ஆனால் இருக்கும் கண்ணின் கல்லோடு எல்லா வகையிலும் பொருந்த வேண்டும். குழியின் விட்டத்தை அளந்து, கல்லின் அடி கூராக இருக்கிறதா தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து, ஒத்த காலத்துப் பழைய கல்லைத் தேடுங்கள். உடைந்த பழைய புரூச்சுகளைக் கல்லுக்காகவே விற்பார்கள். புதுக் கல் அளவுக்கு மீறி மின்னும், தவளைக்கு ஒரு கண் இளமையாகத் தெரியும்.

சூப்பர் பசை கூடாது. அதன் ஆவி கல்லின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும், பிடியும் காலப்போக்கில் நொறுங்கும். இரண்டு பொருள் கலக்கும் எபாக்சிப் பசையை ஊசி முனையளவு குழியில் வைத்து, கல்லை மெழுகு தொட்ட குச்சியால் எடுத்து இறக்குங்கள். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள்.

காப்பறை:

மாற்றியது எந்தக் கண், எப்போது என்று ஒரு சீட்டில் எழுதித் தவளையின் பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்து வைத்திருப்பவருக்கு அது உதவும். அணிவதானால் கோட்டில் மட்டும் அணியுங்கள், மழை நாளில் வேண்டாம்.

நீலத்தும்பி:

சீட்டு எழுதுகிறேன் ஐயா. சேவல் வலப்பக்கம் பார்க்கிறது, ஆகவே என் வலத்தோளுக்குப் போகிறது.

ஊசிமுனை:

பொறுங்கள் தோழி. எதிரில் நிற்பவருக்கு வலப்பக்கமாகத் தெரிவது உங்களுக்கு இடப்பக்கம். வலத்தோளில் குத்தினால் அது நடுப்பக்கமாகவே திரும்பியிருக்கும், சரிதான். கையில் வைத்துப் பார்த்ததை வைத்து முடிவு செய்யாமல், கண்ணாடி முன் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.